ஆணியும் வில்லும் சில்லறைக் காசும்

1931 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் டேவிட் கொட்லீப் என்பவருடைய தொழிற்சாலையிலிருந்து 'பஃபிள் போல்' என்ற மரப்பெட்டி ஒன்று சந்தைக்கு வந்தது. கடைக்காரரின் மேசை மீதே வைத்துவிடக்கூடிய அளவு, விலை 17.50 டொலர். அதில் மின்சாரம் இல்லை, விளக்கு இல்லை. இன்று பின்போல் என்றதும் நினைவுக்கு வரும், பந்தைத் திருப்பி அடிக்கும் இரண்டு துடுப்புகளும் இல்லை. சாய்ந்த பலகை, அதில் அறைந்த ஆணிகள், சில குழிகள், மேலே கண்ணாடி, வலது மூலையில் இழுத்து விடுகிற வில். அவ்வளவுதான். ஒரு சதக் காசு போட்டால் சில பந்துகள் ஆடலாம். அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் தெருத்தெருவாக நின்ற அந்தக் காலத்தில் இந்தப் பெட்டி 50,000க்கு மேல் விற்றது.

அதே காலத்தில் இலங்கையில் மாத்தளையின் இறப்பர் தோட்டங்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. கோப்பி அழிந்த பிறகு உக்குவளை, எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை, கொக்கோ, இறப்பர் என்று மாறிமாறி நட்டிருந்தார்கள். 1925 இல் நியூயோர்க்கில் றாத்தல் ஒரு டொலரைத் தாண்டிய இறப்பர், 1932 இல் நான்கு அமெரிக்கச் சதத்துக்கும் கீழே இறங்கியது. இலங்கையின் பல இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தலைமன்னார் வழியே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிக்காகோவின் மரப்பெட்டிக்கு வாழ்வு தந்ததும் மாத்தளையின் பால்வாளியைக் கவிழ்த்ததும் ஒரே பொருளாதார மந்தம்தான்.

பின்போலின் கதையை விளையாட்டின் கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அது காசு வாங்கும் பெட்டியின் கதையாகத்தான் படுகிறது. பக்கத்தில் ஆள் நிற்காமல், முகம் தெரியாதவரிடம் சில்லறை வாங்கி, அதற்கு உரிய அளவு மட்டும் ஆடவிட்டு, மீண்டும் பூட்டிக்கொள்ளும் பெட்டி அது. ஆளில்லாத கடையில் எதையெல்லாம் சந்தேகிக்க வேண்டுமோ அதையெல்லாம் இந்தப் பெட்டி சந்தேகிக்கிறது: போலிக் காசு, இரண்டு முறை ஆடும் தந்திரம், பலகையைத் தட்டும் கை, கள்ளக் கணக்கு, கடைக்காரரின் நாணயம். பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வொரு சந்தேகத்துக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டால் அது எப்படி வேலை செய்தது என்பது எளிதில் விளங்கும்.

இதன் மூதாதை பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த 'பகட்டெல்' என்ற மேசை விளையாட்டு. 1777 இல் பதினாறாம் லூயி மன்னரின் தம்பி, தம் அண்ணி மரி அந்துவானெத்தோடு பந்தயம் கட்டி, பாரிசின் ஓரத்தில் இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு மாளிகையைக் கட்டி முடித்தார். பகட்டெல் என்ற அந்த மாளிகையின் விருந்தொன்றில் அறிமுகமானதால்தான் விளையாட்டுக்கும் அதே பெயர் வந்தது என்பார்கள். பில்லியர்ட்ஸ் மேசையைச் சுருக்கி ஒரு முனையில் குழிகள் வைத்து, கோலால் பந்தைத் தள்ளி ஆடும் ஆட்டம் அது. பந்தை மறிக்கக் குழிகளைச் சுற்றி ஊசிகள் நின்றன. பந்தயத்தில் எழுந்த மாளிகையின் பெயர், பின்னாளில் சூதா இல்லையா என்று நீதிமன்றம் வரை இழுபட்ட ஓர் ஆட்டத்தின் குலப்பெயரானது வரலாறு செய்த குறும்பு.

கோலை அகற்றி வில்லை வைத்தவர் மொன்டேகு ரெட்கிரேவ். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறியவர். பகட்டெலில் செய்த மாற்றங்களுக்காக 1871 இல் காப்புரிமை பெற்றார். பெரிய பந்துகளுக்குப் பதில் சிறுவர்கள் ஆடும் அளவு மாபிள். கோலுக்குப் பதில் சுருள்வில் பூட்டிய தண்டு. மேசைக்குப் பதில் சற்றே சாய்த்த சிறு பலகை. மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டை மலிவாக்கியதுதான் அவர் செய்த வேலை. ஆனால் கோல் போனதும் ஆடுபவரின் கை பலகைக்கு வெளியே போய்விட்டது. கை வெளியே போனால் மேலே கண்ணாடி போட்டு மூடிவிடலாம். மூடிய பெட்டிக்குத்தான் பூட்டுப் போடலாம். பூட்டிய பெட்டியில்தான் காசுக்குத் துளை வைக்கலாம். ரெட்கிரேவ் அப்படி நினைத்தாரோ என்னவோ, காசுப்பொறிக்கான கதவு அந்த வில்லோடு திறந்தது.

வில்லின் கணக்கு சுவையானது. தண்டை இழுக்கும்போது சுருளில் சேரும் ஆற்றல் இழுத்த தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே இரண்டு மடங்கு இழுத்தால் பந்தின் வேகம் இரண்டு மடங்காகும். சாய்வில் அது ஏறும் உயரமோ நான்கு மடங்காகும். விரல் நுனியில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் பலகையின் உச்சியில் பந்து விழும் இடம் விரல்கணக்கில் மாறிவிடும். பழகியவர்கள் தண்டின் எந்த இடம் வெளியே தெரியும்வரை இழுக்க வேண்டும் என்று கண்ணால் குறித்துவைத்துக்கொண்டார்கள். இந்தப் பொறியில் ஆடுபவருக்கு விடப்பட்ட ஒரே சுதந்திரம் இதுதான். தண்டை விட்ட கணத்தோடு அவர் வேலை முடிந்தது.

அதன் பின் எல்லாம் சாய்வின் வேலை. பலகையை நான்கு பாகை சாய்த்ததாக வைத்துக்கொள்வோம். உருளும் கெட்டிக் குண்டு, வழுக்கும் பொருளை விட மெதுவாகவே வேகம் எடுக்கும். ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு அது தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் போய்விடுகிறது. இதைச் சேர்த்துக் கணக்கிட்டால், 60 சென்ரிமீற்றர் பலகையை ஒரு தடையும் இல்லாமல் கடக்கப் பந்துக்கு ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் கூட ஆகும். அதே 60 சென்ரிமீற்றர் நேராக விழுந்தால் விநாடியின் மூன்றில் ஒரு பங்கே போதும். நடுவில் ஆணிகளில் முட்டி, தயங்கி, திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒரு பந்தின் ஆயுள் பல விநாடிகளுக்கு நீளும். ஆடுபவர் கண்ணாடிமேல் குனிந்து "போ, போ" என்று பந்துக்கு ஆலோசனை சொல்லும் நேரம் அது. காசுக்கு விற்கப்பட்ட சரக்கு இந்தச் சில விநாடிகள்தான். அதனால்தான் பெட்டிக்காரர்கள் சாய்வில் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். சில பெட்டிகளில் நீர்க்குமிழி மட்டமே பொருத்தி வந்தது. கடைக்காரர் முன் கால்களின் அடியில் அட்டை வைத்து உயர்த்திவிட்டால் பந்து இன்னும் நிதானமாக இறங்கி, குறி பார்த்து ஆடுபவருக்குச் சாதகமாகிவிடும்.

ஆணிகளைப் பற்றிப் பேசும்போது பிரான்சிஸ் கோல்ற்றனை விட முடியாது. இங்கிலாந்தைச் சேர்ந்த அவர் 1870களில் புள்ளியியல் விளக்கத்துக்காக ஓர் ஆணிப்பலகை செய்தார். ஒழுங்கான வரிசைகளில் அறைந்த ஆணிகள் மீது குண்டுமணிகளைக் கொட்டினால், ஒவ்வோர் ஆணியிலும் இடமா வலமா என்று சரிசமமாகத் தள்ளப்பட்டு, கீழே நடுவில் குவிந்து ஓரங்களில் அருகும். மணி வடிவ வளைவு கண்முன் எழும். பின்போல் செய்தவர்களின் திறமை இந்த ஒழுங்கைக் கெடுப்பதில் இருந்தது. பந்துகள் இயல்பாகக் குவியும் பாதையில் குறைந்த புள்ளிக் குழிகள். உயர்ந்த புள்ளிக் குழியின் வாசலில் இரண்டு ஆணிகளைக் கிட்டக் கிட்ட நிறுத்தி, பந்தின் விட்டத்தை விடக் கொஞ்சமே அகன்ற இடைவெளி. பந்து வாசலுக்கு வரும், எட்டிப் பார்க்கும், ஆணியில் பட்டுத் திரும்பும். வராமலே போகும் பந்துக்கு ஒருவரும் இரண்டாவது காசு போடமாட்டார். வந்து தவறிய பந்துக்குத்தான் போடுவார். மயிரிழையில் தவறவிடுவதை வடிவமைப்பதே இந்தத் தொழிலின் உயர்ந்த நுட்பம் என்பது என் கணிப்பு. ஆணி வளையக்கூடியது என்பது இன்னொரு வசதி: சாவி வைத்திருப்பவர் கண்ணாடியைத் திறந்து சுத்தியலால் இலேசாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், அடுத்த வாரத்து வருமானம் மாறும்.

இனிக் காசு. முன்பக்கத்தில் ஒரு தட்டையான உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் காசின் அளவுக்கே வெட்டிய வட்டத் துளை. காசைத் துளையில் படுக்கவைத்து நாக்கை உள்ளே தள்ள வேண்டும். உள்ளே சிறு கொக்கி ஒன்று வில்லின் அழுத்தத்தில் நாக்கின் மேல் ஊர்ந்தபடி இருக்கிறது. துளை வெறுமையாக இருந்தால் கொக்கி அதற்குள் இறங்கி நாக்கை நிறுத்திவிடும். காசு சரியாக நிறைத்திருந்தால் கொக்கி அதன்மேல் வழுக்கிக் கடந்துவிடும். காசு மெல்லியதாக இருந்தால் கொக்கி இறங்கும். தடித்திருந்தால் நாக்கு வாசலிலேயே முட்டும். விட்டம் கூடினால் துளையில் அமராது. விட்டம், தடிப்பு என்ற இரண்டு சோதனைகளை ஒரு துளையும் ஒரு கொக்கியும் முடித்துவிடுகின்றன. சில பொறிகளில் இரும்பு வில்லையைப் பிடித்துக்கொள்ள ஒரு காந்தமும், கடைசியாக விழுந்த காசு வெளியே தெரியும்படி ஒரு சிறு கண்ணாடிச் சாளரமும் இருந்தன. ஈயத் தகட்டை வெட்டிப் போட்டவர், அடுத்தவர் வந்து பார்க்கும்வரை அது அங்கேயே தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும் என்று அஞ்ச வேண்டும்.

நாக்கு உள்ளே போகும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆடுபலகையின் கீழே அதே போலத் துளையிட்ட இரண்டாவது பலகை ஒன்று வழுக்கி நகரும்படி இருக்கிறது. சாதாரண நிலையில் மேற்பலகையின் துளைகளைக் கீழ்ப்பலகை அடைத்திருக்கும். அதனால்தான் பந்து குழியில் தங்குகிறது. நாக்கைத் தள்ளினால் கீழ்ப்பலகை நகர்ந்து துளைகள் நேருக்கு நேர் வரும். போன ஆட்டத்துப் பந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'டொக் டொக்' என்று கீழே விழுந்து, சரிவில் உருண்டு முன்பக்கத் தொட்டியில் வரிசையாக நிற்கும். வலப்பக்கத்தில் இன்னொரு சிறு தண்டு. அதை அழுத்தினால் தொட்டியிலிருந்து ஒரே ஒரு பந்து வில்லின் வாய்க்கு எழும்பும். எத்தனை பந்து கிடைத்ததோ அத்தனை. மேலதிகமாக ஒன்றும் எழும்பாது. எண்ணிப் பார்க்கச் சக்கரம் வேண்டியதில்லை. பந்துகளின் எண்ணிக்கையே கணக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அடுத்த காசு விழும்வரை பழைய பந்துகள் குழிகளிலேயே தங்கியிருக்கின்றன. புள்ளிகளைக் கூட்டிக் காட்டும் கருவி அந்தப் பெட்டியில் இல்லை. ஆடியவரே குழிகளின் அருகே அச்சிட்ட எண்களைப் பார்த்துக் கூட்ட வேண்டும். "நான் இவ்வளவு எடுத்தேன்" என்று அவர் சொன்னால் கடைக்காரர் நம்பவேண்டியதில்லை. எழுந்து வந்து கண்ணாடி வழியே தானே கூட்டிப் பார்க்கலாம். சான்று அழியாமல் பூட்டியிருக்கிறது. கடைக்காரரையும் பெட்டி முழுதாக நம்பியதில்லை. காசுப்பேழையின் சாவி பெரும்பாலும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த ஒப்பந்தக்காரரிடம் இருக்கும். அவர் வாரத்துக்கு ஒருமுறை வந்து திறந்து, கடைக்காரர் முன்னிலையில் எண்ணி, வழக்கமாகப் பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

கொட்லீப்பின் பெட்டியை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரேமண்ட் மொலோனி. கேட்ட அளவு பெட்டிகள் கிடைக்காததால் 1932 இல் தாமே 'பாலிஹூ' என்ற பெட்டியைச் செய்தார். அப்போது பேர்போன ஒரு நையாண்டிச் சஞ்சிகையின் பெயர் அது. ஏழு மாதங்களில் அதுவும் 50,000 விற்க, அந்தப் பெயரின் முதற்பாதி நிறுவனத்தின் பெயராகி 'பாலி' என்று உலகம் முழுக்கப் பரவியது. பொறிநுட்பத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

பிரித்தானியக் கடற்கரைகளில் இதே கருத்து வேறு உடல் எடுத்தது. சுவரில் மாட்டும் நிமிர்ந்த பெட்டி. 'ஓல்வின்' என்று அதை அழைத்தார்கள். பென்னி போட்டால் ஓர் உருக்குக் குண்டு கீழே வந்து நிற்கும். விசையைத் தட்டினால் அது சுருளான தடத்தில் சுற்றி ஏறி, உள்ளே இருக்கும் கிண்ணங்களில் ஒன்றில் விழும். வெற்றிக் கிண்ணமானால் குண்டின் எடை ஒரு நெம்பைத் தாழ்த்திப் பூட்டை விடுவிக்கும். பிடியைத் திருப்பினால் பென்னி திரும்பி வரும். தோல்விக் கிண்ணமானால் பிடி அசையாது. இங்கே பரிசைக் கொடுப்பதும் பொறியே. யப்பானில் பகட்டெல் சிறுவர் விளையாட்டாகப் போய், நிமிர்ந்து நின்று, நாகோயா நகரை மையமாகக் கொண்டு பச்சிங்கோ ஆயிற்று. அங்கே ஆணியைத் தட்டிச் சரிசெய்பவர் தனித் தொழிலாளியாகவே மதிக்கப்பட்டார்.

அமெரிக்காவில் கை கண்ணாடிக்கு வெளியே போனாலும் தோள் போகவில்லை. பந்து தவறான பக்கம் சாய்வதைக் கண்டவர்கள் பெட்டியையே தூக்கிச் சாய்த்தார்கள், இடித்தார்கள், அடியில் ஓங்கித் தட்டினார்கள். லொஸ் ஏஞ்சலிசில் இருந்த ஹரி வில்லியம்ஸ் 1932 இல் 'அட்வான்ஸ்' என்ற பெட்டியைச் செய்தார். அதில் மெல்லிய சமநிலையில் நிற்கும் சிறு கதவுகள் இருந்தன. ஒருவர் பெட்டியின் அடியில் தட்டி அந்தக் கதவுகளை ஏமாற்றுவதைக் கண்டு, அடிப்பலகை வழியே கூரான ஆணிகளை வெளியே துருத்தும்படி அறைந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. மனிதர் கோபத்தில் செய்திருக்கலாம். வியாபாரத்துக்கு ஆகாத வேலை. பிறகு நிதானமாக யோசித்து வேறொன்று வைத்தார். சிறு தூணின் தலையில் ஓர் உருக்குக் குண்டு. பெட்டியைக் கடுமையாக அசைத்தால் அது தூணிலிருந்து சுற்றியுள்ள வளையத்தில் விழுந்து கண்ணாடிக்கடியில் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும். அந்த ஆட்டம் செல்லாது. மின்சாரம் வந்தபிறகு குண்டின் இடத்தில் ஓர் ஊசல் வந்தது. வளையத்துக்குள் தொங்கும் ஊசல் வளையத்தைத் தொட்டால் சுற்று மூடி ஆட்டம் நின்றுவிடும். இன்றைய பொறிகளிலும் இருப்பது இந்த ஊசல்தான்.

இலேசாகத் தட்டினால் குண்டு விழாது என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு தட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லையைக் கண்டுபிடிப்பதே ஒரு கலையாக வளர்ந்தது. ஏமாற்றை முழுதாகத் தடுக்காமல் ஒரு வரம்பு வரை அனுமதித்த அந்த முடிவுதான் ஆடுபவருக்கு வில்லுக்குப் பிறகு கிடைத்த இரண்டாவது சுதந்திரம்.

தூய பொறிக்காலம் இத்துடன் முடிவுக்கு வருகிறது. 1933 இல் ஹரி வில்லியம்ஸ் வடிவமைத்த 'கொன்ராக்ற்' பெட்டியில் உலர் மின்கலம் ஏறியது. குழியில் விழுந்த பந்தை மின்காந்தம் உதைத்து வெளியே தள்ளியது, மணி அடித்தது. 1936-37 இல் பாலி நிறுவனத்தின் 'பம்பர்' சுருள்வில் தூண்களைக் கொண்டுவந்தது. புள்ளிகளைப் பொறியே எண்ணிக் காட்டியது. 1947 இல் கொட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ற்றி டம்ற்றி'யில் ஹரி மாப்ஸ் துடுப்புகளைப் பொருத்தினார். பஃபிள் போலிலிருந்து கொன்ராக்ற் வரை இரண்டே ஆண்டுகள். ஆணியும் வில்லும் மட்டும் வைத்துப் பெருவாரியாக விற்ற காலம் அவ்வளவுதான்.

பரிசு விடயத்துக்கு வருவோம். உயர்ந்த புள்ளி எடுத்தவருக்குக் கடைக்காரர் சிகரெட்டோ பானமோ கொடுத்தார். பல இடங்களில் கையில் காசே கொடுத்தார். 1933 இல் பாலியின் 'ரொக்கற்' பெட்டி பரிசுக் காசைத் தானே கொட்டத் தொடங்கியது. அதன்பின் பொலிசார் சும்மா இருப்பார்களா? லொஸ் ஏஞ்சலிஸ் 1939 இல் தடை செய்தது. 1942 சனவரியில் நியூயோர்க் மேயர் லா கார்டியா ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பறிமுதல் செய்வித்தார். சம்மட்டியால் அவற்றை அவரே உடைக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. வழக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? துடுப்பு வந்த பிறகும் தடை நீடித்தது. 1974 இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம், ஆட்டத்தில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று லொஸ் ஏஞ்சலிஸ் தடையை நீக்கியது. 1976 இல் நியூயோர்க் நகரசபையின் குழுவுக்கு முன் றோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் ஆடிக் காட்டினார். இந்தப் பந்து உச்சியில் நடு வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி வில்லை இழுத்து விட்டார், பந்து அப்படியே இறங்கியது, தடை போயிற்று. பின்னாளில் அவரே அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கிருந்தது என்று சொன்னார். துடுப்பெல்லாம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வழக்கைத் தீர்த்து வைத்தது ரெட்கிரேவின் வில்.

நம் நாட்டுச் சட்டம் இந்தச் சிக்கலை வேறு முனையில் பிடித்தது. 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பந்தயப் பணம் வைக்கப்பட்டதா, பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ சூதாட்ட விடுதியிலோ நடந்ததா என்று பார்த்தது. சேவற்சண்டைக்கு மட்டும் பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் தடை. ஆட்டத்துக்குள் கை எவ்வளவு, ஆணி எவ்வளவு என்று அளக்கும் வேலையை நீதவானுக்கு அது கொடுக்கவில்லை. தெளிவு என்ற அளவில் கொழும்புச் சட்டமே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது, அது தெருவோரத்து ஏழையைப் பிடித்து கிளப்புக்குள் ஆடும் துரையை விட்டுவிடும் சட்டம் என்பதையும் மறக்காமல்.

சரி, மாத்தளைக்கு வருவோம். சிக்காகோவின் பெட்டி வாழ்வதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தொழிலாளியின் சட்டைப்பையில் வேறு வேலை இல்லாத ஒரு சில்லறைக் காசு. 1931 இல் அமெரிக்க ஆலைத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம் மணிக்கு ஏறத்தாழ 50 சதம். அவருக்கு ஒரு சத ஆட்டம் ஒன்றேகால் நிமிட உழைப்பு. இங்கே 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929 இல் நிர்ணயித்த கூலி, மாத்தளை போன்ற நடுத்தர உயரப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதம். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். அன்றைய நாணயமாற்றின்படி ஒரு ரூபாய் சுமார் 36 அமெரிக்கச் சதம். ஆகவே அமெரிக்க ஒரு சதம் என்பது நம் கணக்கில் இரண்டே முக்கால் சதம். 52 சதக் கூலியில் பத்தொன்பதில் ஒரு பங்கு. ஒன்பது மணி நேர வேலைநாளில் ஏறத்தாழ அரை மணி நேரப் பால்வெட்டு. பெட்டியின் விலையான 17.50 டொலரோ ஆணொருவரின் மூன்று மாதக் கூலிக்கு மேல்.

அந்த 52 சதமும் கையில் சில்லறையாக வந்ததில்லை. கூலி மாதக் கணக்கு. தோட்டம் வழங்கிய அரிசிக்கு அதில் கழிவு, முற்பணத்துக்குக் கழிவு, கடைப்பற்று, கங்காணியின் பாக்கி. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரோடு தோட்டம் விட்டுத் தோட்டம் அனுப்பிய துண்டு முறையை 1921 இல் சட்டம் ஒழித்தது. கடன் அதோடு ஒழியவில்லை. நாள் தவறாமல் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றாலும் குறித்த அளவு பால் வராவிட்டால் செக்றோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். எண்ணி எண்ணித் தருகிற இடத்தில் உதிரிக் காசு எப்படிச் சேரும்? மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாளுக்காகச் சேர்த்து முடிந்த காசு வேறு. வேலை முடிந்து வரும் வழியில் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும் காசு வேறு. முன்னையதில் வேண்டுதல் உண்டு, வளையலும் பொரியும் உண்டு. பின்னையது தவறினாலும் நோகாத காசு. அமெரிக்க மந்தம் அந்த நோகாத ஒரு சதத்தையாவது விட்டுவைத்தது. மாத்தளை மந்தம் வேலையையே எடுத்துக்கொண்டது.

காசின் வடிவமும் இதில் வேடிக்கை காட்டுகிறது. இலங்கையில் 1909 முதல் வந்த ஐந்து சதம் சதுரம், மூலைகள் மட்டும் மழுங்கியவை. 1944 இல் இரண்டு சதமும் பத்துச் சதமும் பூவிதழ் போல ஓரம் வளைந்து வந்தன. தடவிப் பார்த்தே காசை அடையாளம் காண மனிதருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உருண்டு வரும் வட்டக் காசை நம்பிய பொறிகளுக்கோ சதுரக் காசு பரம எதிரி: சரிவில் உருளாது, மூலையில் சிக்கும். அமெரிக்கப் பெட்டியின் நாக்கில் நம் ஐந்து சதத்தை வைக்க வேண்டுமானால் நாக்கையே புதிதாக வெட்ட வேண்டும். வட்டமான ஒரு சதச் செப்புக் காசு இருந்தது. அதன் விட்டம் சுமார் 22 மில்லிமீற்றர். அமெரிக்கச் சதத்தினது 19. அதுவும் துளையில் அமராது.

தோட்டத்தில் இந்தப் பெட்டிகளின் உறவினர் இல்லாமலில்லை. ஆட்டம் காட்டாமல் சந்தேகத்தை மட்டும் செய்த பொறிகள் அவை. இறப்பர்த் தொழிற்சாலையில் பாலை ஊற்றும் இடத்தில் 'மெட்ரோலக்' என்ற மிதவைக் கோல் ஒன்று இருக்கும். இறப்பர் தண்ணீரை விட இலேசானது. ஆகவே கெட்டியான பாலில் கோல் ஆழ இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலே மிதக்கும். பசுப்பாலுக்கு வைக்கும் மானிக்கு இது நேரெதிர். விடியற்காலையில் மரம் மரமாகச் சென்று சேர்த்த பாலை வாளியோடு கொண்டுவந்தவரின் நேர்மையைக் கோலின் கழுத்தில் இருந்த கோடு சொல்லிற்று. மழை பெய்து சிரட்டையில் நீர் சேர்ந்த நாளிலும் கோடு அதையேதான் சொல்லும். போலிக் காசைப் பிடித்த கொக்கியும் தண்ணீர்ப் பாலைப் பிடித்த கோலும் ஒரே நூற்றாண்டின் கருவிகள், ஒரே மனப்பாங்கின் பிள்ளைகள். ஒன்று ஏமாற்றுபவரைத் தடுத்துவிட்டு நேர்மையானவருக்குச் சில விநாடி மகிழ்ச்சி தந்தது. மற்றது நேர்மையானவருக்குத் தந்தது முழுப்பேர் மட்டும்.

இன்னொரு முனையில் இரண்டு கதைகளும் பொருளாகவே சந்தித்தன. பிற்காலப் பின்போல் பெட்டிகளில் ஆணிகளின் இடத்தில் தூண்களும், தூண்களைச் சுற்றி இறப்பர் வளையங்களும் வந்தன. துடுப்புகளின் விளிம்பிலும் இறப்பரே. பந்து துள்ளுவது அதனால்தான். உலக இறப்பரில் பாதிக்கு மேல் அக்காலத்தில் வாங்கியது அமெரிக்கா. பெரும்பகுதி மோட்டார் ரயராகப் போனது, பின்போலுக்குச் சேர்ந்தது துளி. அந்த இறப்பரின் விலையைத் தாங்கிப் பிடிக்க 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அது கைவிடப்பட்டு, விலை பாதாளத்துக்குப் போய், 1934 யூன் மாதம் புதிய சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது மரங்களில் மீண்டும் கத்தி பட்டது. அதற்குள் ஹரி வில்லியம்சின் பெட்டியில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

பஃபிள் போலும் பாலிஹூவும் இன்று கவனமாகப் பாதுகாக்கப்படுகின்றன. கலிபோர்னியாவின் அலமீடாவில் பின்போலுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு; அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நாக்கு, கொக்கி, வழுக்குப்பலகை என்று ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி வரைந்து வைத்திருக்கிறார்கள். இங்கே கம்பளைப் பகுதியில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மாத்தளையின் இறப்பர்த் தொழிற்சாலைகளில் பணியாற்றியவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் மெட்ரோலக் கோலோ, பால் அளந்த வாளியோ, செக்றோல் புத்தகமோ, ஒரு முடிச்சுச் சதுரக் காசோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கையாண்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள பாடசாலை நூலகத்துக்கோ கொடுங்கள்.